பால்குடம் பரல்குடம் ஆகாமல் இருக்க: கையெழுத்துச் சாயல் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மொரிஷியஸில் கோவிலுக்கோ தமிழ் வகுப்புக்கோ சுவரொட்டி செய்யும் பொறுப்பு முதல்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. காவடி, வருஷப் பிறப்பு, பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் சரி. கணினியில் ஏற்கனவே இருக்கும் தமிழ் எழுத்தில் தட்டிப் பார்க்கிறீர்கள். விறைப்பாக, அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது. தெரிந்தவர் யாரோ கைப்பட எழுதியது போன்ற எழுத்து கிடைக்காதா என்று தேட ஆரம்பிக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தேடல் சரியானது. இங்கே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ், பள்ளியில் ஒரு பாடம். அவர்கள் தமிழ் எழுத்தைப் பார்ப்பது பாடப் புத்தகத்தில், அதை விட்டால் கோவில் பலகையில். ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறியபோது எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. நம் எழுத்தின்மேல் நமக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் புத்தகம், கோவில், பணம் மூன்றுமே எட்ட நின்று பார்க்கிற இடங்கள். சமையலறை டப்பாவில், பிறந்தநாள் அட்டையில், கூட்டாளி கிறுக்கிக் கொடுத்த சீட்டில் தமிழைப் பார்க்கும் பிள்ளை இங்கே குறைவு. கையெழுத்துச் சாயல் எழுத்து தமிழை அந்த இடங்களுக்குக் கொண்டுவரும்.

அதே காரணத்தால்தான் கூடுதல் கவனமும் வேண்டும். தமிழில் ஊறியவர்களுக்குச் சொல் மொத்தமாகக் கண்ணில் விழும். ஓர் எழுத்து கோணலாக இருந்தாலும் மனம் சரிசெய்துகொள்ளும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் காவடிக்காக ஒரு சுவரொட்டி செய்தேன். இணையத்தில் கிடைத்த, தூரிகையால் இழுத்தது போன்ற எழுத்துருவில் "பால்குடம் எடுப்பவர்கள் காலை 5 மணிக்கு வரவும்" என்று பெரிதாகப் போட்டிருந்தேன். வகுப்புக்கு வரும் ஒன்பது வயதுப் பெண் அதன் முன்னால் நின்று, எழுத்தின்மேல் விரலை வைத்து வாசித்தாள்: "ப... ர... ல்... பரல்குடம். மிஸ், பரல் என்றால் என்ன?" கிட்டப் போய்ப் பார்த்தேன். அவள் வாசித்தது சரிதான். அந்த எழுத்துருவில் துணைக்காலும் ‘ர’வும் ஒரே அச்சாக இருந்தன; ‘ர’வின் காலடியில் சாய்வாக இறங்க வேண்டிய சின்னக் கோட்டை வரைந்தவர் அழகுக்காக விட்டுவிட்டார். பரல் நல்ல தமிழ்ச் சொல்தான், சிலம்புக்குள் போடும் மணி. அன்று பாடம் அதிலேயே போயிற்று. ஆனால் அச்சடித்து ஒட்டிய அத்தனை தாளிலும் அது பரல்குடமாகவே இருந்தது.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

கையெழுத்துச் சாயல் எழுத்துருவை எப்படி அடையாளம் காண்பது? கோடுகளின் முனை வெட்டினாற்போல் இருக்காது, உருண்டு முடியும். எழுத்துகள் ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்காமல் ஒன்று கொஞ்சம் ஏறி, ஒன்று கொஞ்சம் இறங்கி இருக்கும். சுழிகள் முழு வட்டமாக இல்லாமல், கை போன போக்கில் சற்று நசுங்கியிருக்கும். எந்தக் கருவியால் எழுதியது போலிருக்கிறது என்பதையும் பாருங்கள். மார்க்கர் என்றால் கோடு முழுக்க ஒரே தடிமன். பேனா என்றால் மெலிந்து, வலப்பக்கம் சாயும். தூரிகை என்றால் அழுத்திய இடம் பருத்து, விட்ட இடம் மெலியும். தமிழுக்கு மார்க்கர் வகைதான் பத்திரம். நம் எழுத்தில் சுழி அதிகம். தூரிகை பருக்கிற இடத்தில் சுழி அடைத்துக்கொள்ளும்.

இந்த வகை எழுத்துகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது காமிக் சான்ஸ். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கொனார் 1994இல் அதை வரைந்தார். புதியவர்களுக்காக அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்த ‘பாப்’ என்ற மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாய் பேசும். அதன் பேச்சு டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் வந்ததைப் பார்த்தார். நாய் அப்படிப் பேசாதே என்று தோன்றியிருக்கிறது. சித்திரக்கதைப் புத்தகங்களின் பேச்சு எழுத்தைப் பார்த்து புதிதாக ஒன்றை வரைந்தார். ‘பாப்’ வெளிவரும் நேரத்துக்கு அது தயாராகவில்லை என்றாலும், பிறகு விண்டோஸ் வழியாக உலகத்தின் எல்லாப் பள்ளிக்கூடச் சுவருக்கும் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக் கடைப் பலகைகளில் நிறையப் பார்க்கிற மிஸ்த்ரால் அதற்கும் மூத்தது. மர்சேய் நகரத்து எழுத்து வார்ப்பகம் ஒன்றுக்காக ரொஜே எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்துச் செய்தது, 1953இல் வந்தது.

காமிக் சான்ஸில் தமிழ் கிடையாது. புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. தமிழ் வரியைத் தேர்ந்து அந்தப் பெயரைச் சொடுக்கினால், ஆங்கிலம் மாறும். தமிழ் அப்படியே நிற்கும். அந்த எழுத்துருவில் இல்லாத எழுத்துகளைக் கணினி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருக்களான நிர்மலாவிலிருந்தோ லதாவிலிருந்தோ எடுத்துப் போட்டுக்கொள்கிறது. ஆகவே தமிழ் உள்ளதாகப் பார்த்துத் தேட வேண்டும்.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தால் பட்டியல் வரும். அதில் நான் முதலில் பரிந்துரைப்பது கவிவாணர். இலங்கைக்காரரான தாரிக் அஸீஸ் வரைந்தது. பேனாவால் சாய்த்து எழுதியது போன்ற எழுத்து. தமிழும் லத்தீனும் ஒரே கையின் வேலை என்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தி நிற்கும். ஒரே தடிமன்தான் உண்டு. பெரிய தலைப்புக்குப் பருமன் வேண்டும் என்றால் பலூ தம்பி. மும்பையின் எக் டைப் குழு செய்தது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உறவுப் பெயர் வைத்திருக்கிறார்கள், மலையாளத்துக்குச் சேட்டன், கன்னடத்துக்குத் தம்மா, நமக்குத் தம்பி. நேரான கையெழுத்து இல்லைதான், ஆனால் பஞ்சு வைத்தது போன்ற அதன் மென்மை குழந்தைகளுக்குப் பிடிக்கும். அதன் இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. இரண்டும் திறந்த உரிமத்தில் வருபவை. அச்சடிக்கலாம், விற்கும் பொருளில்கூடப் பயன்படுத்தலாம், பணம் கட்ட வேண்டாம்.

யூனிகோடா என்று பாருங்கள்

தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இடம் ஒதுக்கிய பொது முறைதான் யூனிகோட். இணையத்தில் "அழகான தமிழ் எழுத்துகள்" என்று மொத்தமாகக் கிடைக்கிற நூற்றுக்கணக்கான எழுத்துருக்களில் பெரும்பங்கு பழைய முறையில் செய்தவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். பாமினி அப்படிப்பட்டது. சோதிப்பது எளிது: ஒரு வரி தட்டி, அதைத் தேர்ந்து, எழுத்துருவை நிர்மலாவுக்கு மாற்றுங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பினால் பழையது, விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் வேறொருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது ஒரு சொல்கூட மிஞ்சாது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சுவரொட்டிகளில் தமிழோடு பிரெஞ்சும் வரும். விழாவுக்கான ‘ஃபெத்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘ஈ’ (e) எழுத்தின் தலையில் சின்னக் கூரை இருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்த இடத்தைத் தமிழ் எழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். யூனிகோட் எழுத்துருவானாலும், கூரை, சாய்கோடு, ‘சி’யின் (c) காலடியில் தொங்கும் வால் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

எழுத்துப் பரிசோதனை

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான் கீழே உள்ள சொற்களை ஒரு தாளில் பெரிதாகவும் சிறிதாகவும் அச்செடுத்துப் பார்ப்பேன்:

பால், பரல். மனம், மணம். கொடு, கோடு. பள்ளி, பல்லி. பழம், வாழை. ஔவை, ஒளி. தண்ணீர். ஸ்ரீ.

பாலும் பரலும் ஏன் என்று சொல்லிவிட்டேன். மனம், மணத்தில் சுழிகளை எண்ணுங்கள்: ‘ன’வுக்கு இரண்டு, ‘ண’வுக்கு மூன்று. வேகமாக எழுதியது போன்ற எழுத்துருக்களில் மூன்றாவது சுழி வெறும் நெளிவாகப் போயிருக்கும். கொடு, கோடு இரண்டிலும் கொம்பைப் பாருங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே உள்ள ஒரே ஒரு சுழிதான். அது அடைத்துப்போனால் "கோடு போடு" என்பது "கொடு பொடு" ஆகிவிடும். ‘ழ’வின் வால் தெளிவாகக் கீழே வளைந்து இறங்க வேண்டும். வால் குட்டையாக இருந்தால் பழம் ‘பமம்’ ஆகும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிச்சயம் ஆகும். ‘ஔ’வில் உள்ள குட்டி ‘ள’ உண்மையிலேயே குட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் ‘ஒளவை’ என்று மூன்று எழுத்தாக வாசிப்பார்கள்.

புள்ளி தனியாகச் சொல்ல வேண்டியது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். இடம் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். நம் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சில எழுத்துருக்களில் புள்ளி ஊசிமுனை அளவு. சிலவற்றில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கோட்டின் தடிமன் அளவுக்காவது புள்ளி இருக்க வேண்டும், எழுத்துக்கும் அதற்கும் நடுவே வெள்ளை தெரிய வேண்டும்.

கடைசியாக ஸ்ரீ. கோவில் பெயர் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறது. இதைத் தட்ட யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது: ‘ஸ’வை வைத்து ஒன்று, பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி முடிகிற ‘ஶ’வை வைத்து இன்னொன்று. சில எழுத்துருக்கள் ஒன்றை மட்டும் ஒரே வடிவமாகச் சேர்க்கும், மற்றதை உடைத்துக் காட்டும். கோவில் பெயர் உடைந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றுவதற்கு முன் மற்ற வழியில் தட்டிப் பாருங்கள்.

முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அட்டை என்றால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் வடிவத்துக்குப் பக்கத்தில் எழுத்துரு இருக்க வேண்டும். காமிக் சான்ஸை ஆசிரியர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம், அதன் சின்ன ஆங்கில ‘ஏ’ (a) பிள்ளைகள் கையால் எழுதும் ‘ஏ’வைப் போலவே வட்டமும் கோடுமாக இருப்பது. தமிழிலும் பிள்ளை கண்ணால் பார்ப்பதும் கையால் எழுதுவதும் ஒன்றாக இருக்கட்டும்.

இரட்டிக்கும் எழுத்துகள்

அம்மா, அப்பா, பாட்டி, சக்கரை, பள்ளிக்கூடம். தமிழில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். கையால் எழுதும்போது இரண்டு ‘ப’வும் ஒருபோதும் ஒன்று போல் இருக்காது. எழுத்துருவிலோ இரண்டும் ஒரே அச்சு. இரண்டிலும் அதே நெளிவு, அதே இடத்தில். ‘அப்பா’ என்று பெரிதாகப் போட்டுப் பாருங்கள். கையெழுத்து என்ற நம்பிக்கை அந்த இடத்தில் கலைந்துவிடும். ஆங்கிலத்துக்கு வரும் நல்ல கையெழுத்து எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைத்து, மாறிமாறி வரும்படி செய்திருப்பார்கள். உண்மையில் அந்த வசதி தமிழுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

தலைப்பில் மட்டும் இதைக் கையால் சரிசெய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் தலைப்பைத் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, இரண்டாவது எழுத்தை இரண்டு டிகிரி திருப்புங்கள், ஒரு நூல் கீழே இறக்குங்கள், கொஞ்சம் அகலப்படுத்துங்கள். அவ்வளவுதான். மாற்றும் முன் மூலக் கோப்பைத் தனியாகச் சேமிக்க மறக்க வேண்டாம். கோட்டுருவமான பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. ஊரில் நல்ல கையெழுத்து உள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் தலைப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கைந்து தடவை எழுதட்டும். 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்தால் எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய எழுத்தாகிவிடும். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். பெரியவர்கள் சிலர் ‘லை’, ‘னை’ போன்றவற்றை யானைத் துதிக்கை போட்டுப் பழைய முறையில் எழுதுவார்கள். ‘றா’, ‘னா’வையும் சுழித்து எழுதுவார்கள். தமிழ்நாட்டில் 1978இல் வந்த சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் இன்று படிக்கும் பிள்ளைக்குத் தெரியாத எழுத்து.

எங்கே போடலாம், எங்கே கூடாது

பிள்ளைகளின் அட்டைகள், சித்திரத்தில் பேச்சுக் குமிழி, பிறந்தநாள் அழைப்பு, ஏழு கறிச் சாப்பாட்டுக்கான பட்டியல், ஊறுகாய் பாட்டில் ஒட்டி, விளையாட்டு நாள் சுவரொட்டி. இவற்றில் தாராளமாகப் போடுங்கள்.

இறப்பு அறிவிப்பில் வேண்டாம். கோவிலின் நேர ஒழுங்கு, விரத விதி, நன்கொடை ரசீது, மருத்துவ முகாம் அறிவிப்பு எதிலும் வேண்டாம். அங்கே படிப்பவர் நம்பி நடக்க வேண்டியிருக்கிறது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தபோது, ஃபாபியோலா ஜியனாட்டி காட்டிய பக்கங்கள் காமிக் சான்ஸில் இருந்தன. அவ்வளவு பெரிய செய்தி, ஆனால் பலர் எழுத்துருவைப் பற்றியே பேசினார்கள். இடம் பொருந்தாத எழுத்து, சொல்லவந்ததை மறைத்துவிடும்.

ஒரே சுவரொட்டியில் இரண்டும் தேவைப்பட்டால் தலைப்புக்குக் கையெழுத்துச் சாயல், தேதிக்கும் நேரத்துக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நேரான எழுத்து. இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று வரிக்கு மேற்பட்ட பத்தியையும் கையெழுத்துச் சாயலில் போடாதீர்கள்.

பக்கத்தில் அமைக்கும்போது

வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட வையுங்கள். மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘ழு’வின் வால், இரண்டும் முட்டாமல் இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் பொத்தானைத் தமிழில் தொடவே தொடாதீர்கள். கொம்பும் காலும் தங்கள் எழுத்தைவிட்டு விலகிப்போய்விடும். கவிவாணர் ஏற்கனவே சாய்ந்தது, அதற்குமேல் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் விழுந்துவிடுவது போலிருக்கும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குத் தடிமன் கொடுத்தாலும் சுழிகள் அடைக்கும்.

அளவுக்குப் பலகை எழுதுபவர்களின் கணக்கு ஒன்று உண்டு: 3 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயர எழுத்து. தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். காவடி என்றதும் எல்லாரும் ரோஜா நிறப் பின்னணி கேட்பார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்து வெயிலில் தெரியாது. தடித்த எழுத்தானால் வெள்ளை, மெல்லியதானால் கரு நிறம். அப்புறம், காவடி வருவது ஜனவரி, பிப்ரவரியில். நமக்கு அது மழையும் புயலும் வரும் காலம், வெளியே ஒட்டுவதை உறைபோட்டு ஒட்டுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

ஒருமுறை அச்சகம் ஒன்றில் நான் அனுப்பிய வரியை எடுத்துத் தங்கள் மென்பொருளில் ஒட்டினார்கள். ‘கோவில்’ என்பதில் கொம்பு, ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது; 200 தாள் அச்சாகிவிட்டது. இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி அந்த மென்பொருளில் முடுக்கப்படவில்லை என்பதே காரணம். அதன்பின் வரியாக அனுப்புவதே இல்லை. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப், அல்லது எழுத்துகளைக் கோட்டுருவமாக்கிய பிடிஎஃப், இரண்டில் ஒன்று. கூடவே சரியான வடிவத்தின் படம் ஒன்றையும் அனுப்பி, "இதே மாதிரி இருக்க வேண்டும்" என்று எழுதிவிடுகிறேன்.

முதல் தாள் வந்ததும் அதைச் சுவரில் ஒட்டி, தமிழ் படிக்கிற பிள்ளை ஒன்றை மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். பிள்ளை எந்த எழுத்தில் நின்று யோசிக்கிறதோ அந்த எழுத்தைப் போய்ப் பாருங்கள். பால்குடம், காவடி, கோவில் மூன்றையும் நிற்காமல் வாசித்துவிட்டால் மீதித் தாள்களை அச்சிடச் சொல்லலாம்.